தானாக நகர்ந்த அம்புக்குறி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கேமராக்களுக்குக் கண் மங்கிவிடும். அருவிக்குப் போகும் சாலையிலிருந்த ஒரு லாட்ஜின் மொட்டைமாடிக் கேமராவுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அஃப்சல் ஏணிமேல் நின்று அதன் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே ஜெகதீஸ்வரன் ஒரு கையில் ஏணியையும் மறு கையில் வாழைக்காய் பஜ்ஜியையும் பிடித்திருந்தான். இருவரும் ஒன்றாகக் கணினி படித்தவர்கள். தென்காசியில் கூட்டாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள்.

"மாப்ள, ஒம் போனு அடிக்குது. எடுக்கட்டா?"

"எடு."

ஜெகதீஸ்வரன் பஜ்ஜியை வாயில் திணித்துவிட்டு எடுத்தான். கொஞ்சநேரம் கேட்டுவிட்டு போனைப் பொத்திக்கொண்டான். "ஒரு பொம்பளப் புள்ள பேசுது. கம்ப்யூட்டர்ல பெட்டி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்காம். வேண்டாம்னு அமுக்குனாப் போகுதாம், மறுநாளு வந்து நிக்குதாம். எங்க வீட்டுக்காரி மாதிரில்லா இருக்கு."

சொல்லி முடித்ததும் அவன் முகம் சுண்டிப்போனது. மிஸ்ரியா போனதிலிருந்து அஃப்சல் முன்னால் வீட்டுக்காரி என்ற பேச்சையே எடுக்காமல் இருக்கப் பார்ப்பான். முடிவதில்லை.

"குடு," என்றான் அஃப்சல்.

அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாசியில் மிஸ்ரியா இறந்தாள். தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வெளியே வந்து, முன்னாடியே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் அஃப்சல் கடையைத் திறந்தான். சிலர் கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். சொந்தத்தில் ஒருவர், "துக்கம் காக்குற இத்தா ஆம்பளைக்குக் கிடையாதுல்லா, நல்லது கெட்டது பாக்கணும்ல," என்று வீரகேரளம்புதூர்ப் பெண் ஒருத்தியின் போட்டோவைக் கொண்டுவந்தார். அவன் அதை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். என்ன பார்த்தான் என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

போனில் குரல் தெளிவாக இருந்தது. "அண்ணே, நான் ஹஃப்சா. தென்காசியில பள்ளிவாசலுக்குப் பின்னால, ஹாஜரா பீவி வீடு. பரீதோட வீட்டுக்காரி."

பரீதை அவனுக்குத் தெரியும். பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்தவன். ஷார்ஜாவில் வண்டி விபத்தில் இறந்துபோனான். அங்கேயே அடக்கிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது அஃப்சலும் சொந்தத் துக்கத்தில் இருந்தான். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

"சொல்லுங்க."

அவள் வரிசையாகச் சொன்னாள். சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. வலைத்தளத்தில் சேலை, சுடிதார் வாங்கும் பெண்கள் குறை சொல்லக் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். அழைப்பெல்லாம் கம்பெனியின் செயலி வழியாகத்தான் வரும். காலையில் அதைத் திறந்ததும் பயர்வால் பெட்டி ஒன்று எழும்பி, இதை உள்ளே விடவா என்று கேட்கும். விடு என்று அமுக்கினால் கடவுச்சொல் கேட்கும். வேண்டாம் என்று அமுக்கினால் பெட்டி போய்விடும், அழைப்பும் வராது.

"துக்கத்துக்குக் குடுத்த லீவு முடிஞ்சிட்டு. நாளைக்கும் கால் எடுக்கலேன்னா வேல இல்லன்னு மெயில் போட்டுட்டாங்கண்ணே. வேல இல்லன்னா இத்தா முடிஞ்சதும் என்னய வாசுதேவநல்லூருக்குக் கொண்டுபோயி எங்க அண்ணன் வீட்டுல விட்டுருவாங்க. அங்கன இருக்கதே ஒரு ரூம்பு. எம் மவ பள்ளிக்கூடம் மாறணும்."

"பாப்போம்."

லாட்ஜின் வரவேற்பு மேசையில் லேப்டாப்பை விரித்தான். தொலைவிலிருந்து இன்னொரு கணினியைப் பார்க்கும் சாப்ட்வேரை அவள் பக்கம் இறக்கச் சொன்னான். அவளுடைய திரை இவன் திரையில் வந்தது. சுத்தமான திரை. தேவையில்லாத படம் ஒன்றுகூட இல்லை.

"இப்ப அந்தச் செயலியத் திறங்க."

பெட்டி எழும்பியது. "விடுன்னு அமுக்குங்க."

அமுக்கினாள். அஃப்சலின் திரை கறுத்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியல. உங்களுக்கு?"

"பாஸ்வேர்டு கேக்குதுண்ணே."

கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெளியாள் கண்ணுக்குக் காட்டாமல் விண்டோஸ் திரையை மூடிக்கொள்ளும். அது அவனுக்குத் தெரிந்ததுதான். "போடுங்க," என்றான்.

"எனக்குத் தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"மௌத்தாப் போனவியளுக்கு."

அருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டம் ஒன்று எண்ணெய் வழியும் தலையோடு சாவி கேட்டு மேசையைச் சுற்றி நின்றது. அஃப்சல் லேப்டாப்பை மூடினான்.

"நேர்லதான் வரணும்."

"நான் இத்தால இருக்கேண்ணே."

"நீங்க உள்ள இருங்க. கம்ப்யூட்டர் வெளிய இருந்தாப் போதும்."

"மாமிட்ட கேட்டுச் சொல்லுதேன்," என்றாள்.

மாமி சரி என்றாளாம்.

இத்தாவில், கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு பச்சைப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அஃப்சல் நனைந்த சட்டையோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பக்கத்துக் கட்டிலில் பரீதின் உம்மா ஹாஜரா பீவி தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தாள். அவனுக்குக் காவலாக உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. தினமும் அங்கே உட்கார்ந்து பழகியவள் மாதிரி திரையைப் பார்த்துக் காலைத் தொங்கவிட்டிருந்தாள். கட்டிலின் அந்த ஓரம் மட்டும் குழிந்துபோயிருந்தது.

"நீதான மிஸ்ரியா மாப்பிள்ள?"

"ஆமா மாமி."

"நல்ல புள்ள. சிரிச்ச மொகம். சபூரா, பொறுமையா இருக்கியா வாப்பா?"

"இருக்கேன்."

"எப்படிலே இருக்க," என்றாள் அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. அஃப்சல் கணினியைத் தட்டினான்.

செயலி திறந்தது, பெட்டி வந்தது. விடு என்று அமுக்கினான். திரை மங்கி நடுவில் இன்னொரு பெட்டி வந்து நின்றது. நிர்வாகியின் கடவுச்சொல்லைப் போட வேண்டுமாம். நிர்வாகி பெயர் பரீது, ஆங்கிலத்தில், தடித்த எழுத்தில். கீழே வெறும் கோடு. கோட்டில் ஒரு குச்சி மினுக்கிக்கொண்டிருந்தது.

அஃப்சல் அதைப் படித்துக்கொண்டிருந்தான். கை மவுஸின்மேல் இருந்தது. அம்புக்குறி லேசாக அசைந்தது.

"வந்துட்டான்!" ஹாஜரா பீவி கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். தஸ்பீஹ் தரையில் விழுந்தது. "ஏட்டி ஹஃப்சா, வந்துட்டாம்ட்டி! அசையுது பாரு!"

அஃப்சல் திரும்பினான். கிழவியின் முகத்தைப் பார்த்தான். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தான். அது நடுங்கிக்கொண்டிருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை. அவன் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்தான்.

"நான்தான் மாமி. என் கை."

போர்வைக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம். "மாமி," என்றாள் ஹஃப்சா.

ஹாஜரா பீவி குனிந்து மணியை எடுத்தாள். மறுபடி அதே குழியில் உட்கார்ந்தாள்.

ஹஃப்சாதான் சொன்னாள். போர்வையைப் பார்த்துக்கொண்டு அஃப்சல் கேட்டான்.

அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது. காசு போட்டு வாரத்துக்கு ஒருநாள் பேசுவான் பரீது. மற்ற நாளெல்லாம் இந்தப் பெட்டிதான். காலையில் ஹஃப்சா செயலியைத் திறப்பாள், பெட்டி வரும், வந்துட்டு என்று அவனுக்கு ஒரு செய்தி போடுவாள். ஷார்ஜாவிலிருந்து தன் போன் வழியாக அவன் இந்தக் கணினிக்குள் நுழைவான். முன்பு லீவில் வந்தபோது, கடவுச்சொல் பெட்டியும் தன் கண்ணுக்குத் தெரியும்படி முழு அதிகாரத்தோடு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தான். யாரும் தொடாமலே அம்புக்குறி நகரும். முதலில் கிறுகிறுவென்று ஒரு வட்டம் போடும். அது உம்மாவுக்கு சலாம். ஹாஜரா பீவி, "வஅலைக்கும் ஸலாம், சாப்பிட்டியாலே," என்று திரையிடம் சொல்லுவாள். அவனுக்குக் கேட்காது. தெரிந்தேதான் சொல்லுவாள். அப்புறம் கோட்டில் ஒவ்வொன்றாகக் கறுப்புப் புள்ளிகள் விழும். பெட்டி மறையும். அம்பு இன்னொரு வட்டம் போட்டுவிட்டு நின்றுபோகும். ஹாஜரா பீவி எழுந்து அடுக்களைக்குப் போவாள்.

"எப்பவும் ரூம்புல இருந்துதாண்ணே பண்ணுவாவ. அன்னைக்கு எந்திக்க லேட்டு போல. வண்டி ஓட்டிட்டே பண்ணுதாவன்னு எனக்கு என்ன தெரியும்? வட்டம் போட்டாவ. புள்ளி வந்துச்சு. அஞ்சோ ஆறோ. அதோட நின்னுட்டு." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "நெட்டு போச்சுன்னு நெனச்சோம். மாமி இங்கனயே ஒக்காந்திருந்தாவ. நான் அடுப்ப அணைக்கப் போனேன். திரும்பி வந்து பாத்தாலும் அதே புள்ளிதான்."

சாரல் சன்னல் கம்பியில் பொடியாகத் தெறித்தது.

"அந்தப் பெட்டி எனக்கு வேண்டாம்ணே. எடுத்துருங்க."

"இருக்கட்டும்," என்றாள் ஹாஜரா பீவி.

"மாமி."

"இருக்கட்டுங்கேன். ரேசன் கார்டுல அவம் பேர எடுத்தாச்சு. கேஸு புக்குல எடுத்தாச்சு. தெருவுல ஒருத்தன் அவம் பேரச் சொல்லிக் கேக்கான்? இது ஒண்ணுதாண்டி கேக்குது. நாள் தவறாம அவங்கிட்டதான கேக்குது."

"கேட்டுக்கிட்டே இருக்கட்டும். நான் பிள்ளையத் தூக்கிட்டு வாசுதேவநல்லூர்ல போயிக் கெடக்கேன். நீங்க இங்கன தனியா ஒக்காந்து அதயே பாத்துக்கிட்டு இருங்க. அமுக்கிவிட ஆளு வேணும்லா, அதுக்கு யாரக் கூப்பிடுவிய? பாங்கு சொல்லுத மோதினாரையா?"

"வாய மூடுட்டி."

"மூடிக்கிட்டுத்தான இருக்கேன். போர்வ கட்டி மூடிக்கிட்டு இருக்கேன்."

ஹாஜரா பீவியின் கையில் மணிகள் வேகமாக நகர்ந்தன. கொஞ்சம் கழித்து அஃப்சல் பக்கம் திரும்பினாள்.

"வாப்பா, நீ படிச்சவன். இத எடுத்தா அவன் போயிருவானா?"

"போமாட்டார் மாமி. அவர் கணக்கு, போட்டோ, எல்லாம் அப்படியே உள்ள இருக்கும். நான் தொடமாட்டேன். இவங்களயும் நிர்வாகி ஆக்கிட்டா இவங்களே அமுக்கிக்கிடலாம். கேக்கிறது மட்டுந்தான் நின்னுரும்."

"கேக்கிறது நின்னா அப்புறம் என்னலே இருக்கு?"

அஃப்சலுக்குத் தன் வீடு ஞாபகம் வந்தது. நாற்பதாம் நாளுக்கு முன்பே மிஸ்ரியாவின் உடுப்பையெல்லாம் மடித்து மதரஸாவுக்குக் கொடுத்திருந்தான். அவள் உடலைக் குளிப்பாட்டும்போது பெண்கள் அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றான். அதன்பின் சொன்னதையெல்லாம் செய்தான். இப்போது அந்த வீட்டில் அவள் பெயர் எங்கேயும் வராது. அவன்தான் ஒழுங்காக முடித்துவைத்தான்.

"தெரியல மாமி," என்றான்.

ஹாஜரா பீவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "சரி. ஒருக்க வையி. பாத்துக்கிடுதேன்."

பெட்டி காத்திருந்து காத்திருந்து தானாகவே போயிருந்தது. அஃப்சல் செயலியை மூடித் திறந்தான். மறுபடி விடு என்று அமுக்கிவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். பரீது என்ற பெயர், வெறும் கோடு, மினுக்கும் குச்சி. அம்புக்குறி மூலையில் கிடந்தது. போர்வைக்குக் கீழே ஹஃப்சாவின் பாதங்கள் தெரிந்தன. அவள் இந்தப் பக்கம் திரும்பித்தான் நின்றாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். தெருவில் மீன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தேய்ந்து தெருமுனை திரும்பியும் அம்பு அசையவில்லை.

"சாப்பிட்டியாலே," என்றாள் ஹாஜரா பீவி, மெதுவாக. அப்புறம், "எடுத்துரு," என்றாள்.

அஃப்சல் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான். கணினியை அதிலிருந்து எழுப்பி, கதவைப் பின்பக்கமாகத் திறந்தான். ஹஃப்சாவின் கணக்கை நிர்வாகி ஆக்கினான். பரீதின் கணக்கைத் தொடவில்லை. மறுபடி அவள் பெயரில் நுழைந்து பயர்வால் விதிகளைத் திறந்தான். ஒவ்வொரு முறை வேண்டாம் என்று அமுக்கியதற்கும் ஒரு தடை விதி விழுந்து அடுக்கடுக்காகக் கிடந்தது. ஒவ்வொன்றாக அழித்தான்.

"ஏண்ணே தெனம் தெனம் வருது?" என்று போர்வை கேட்டது.

"அந்தச் செயலி அடிக்கடி தன்னய மாத்திக்கிடுது. மாத்தும்போதெல்லாம் புது போல்டருக்குள்ள போயி ஒக்காந்துக்கிடும். பயர்வால் ஆளப் பாக்காது, இருக்க எடத்தத்தான் பாக்கும். எடம் மாறுனா புது ஆளுன்னு நெனச்சுக்கிடும். அதான் எடத்தப் பாக்காத, அழைப்பு வர்ற இந்த வாசல் நம்பர்ல யாரு வந்தாலும் விடுன்னு ஒரு விதி போட்டாப் போதும். அப்புறம் கேக்காது."

அந்த விதியைப் போடும்போதுதான் அவன் மற்றவற்றைப் பார்த்தான். பிரிண்டருக்கு ஒரு விதி. மகளின் ஆன்லைன் வகுப்புக்கு ஒரு விதி. இரண்டுக்கும் பரீது அழகாகப் பெயர் வைத்திருந்தான். வாசல் நம்பர் குறித்து, பொது இடத்து இணைப்பை விலக்கி, ஒரு பிசகு இல்லாமல் போட்டிருந்தான். வகுப்புச் செயலியும் இதே மாதிரி இடம் மாறுவதுதான். அதற்கும் வாசல் நம்பரைத்தான் பரீது கொடுத்திருந்தான். இந்த வேலையை அறிந்தவன் கை. இந்த ஒன்றுக்கு மட்டும் போடவில்லை. போட இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஷார்ஜாவிலிருந்தே போட்டிருக்கலாம்.

அஃப்சல் தட்டுவதை நிறுத்திவிட்டான். அந்த நிறுத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிட்டது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? இத அவிய அங்கன இருந்தே சரி பண்ணிருக்கலாமா?"

"முடியாது," என்றான் அஃப்சல். "நேர்ல வந்தாத்தான் முடியும்."

சொன்ன வேகத்தில் அவனுக்கே அது யார் குரல் என்று தெரிந்துவிட்டது. திருநெல்வேலியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்த டாக்டரின் குரல்.

ஹஃப்சா சிரித்தாள். மூக்கு வழியாக வந்த சிறிய சிரிப்பு. "பொய் சொல்லுதிய. உங்களுக்குப் பொய் சொல்லவும் வரல."

அவன் விதிக்குப் பெயர் தட்டினான்.

"எம் மவ கிளாசுக்கும் இப்படித்தான வந்துச்சு. ஒரே நாள்ல நிப்பாட்டிட்டாவ. அன்னைக்கே எனக்குத் தெரியும், இதயும் நிப்பாட்டத் தெரியும்னு. நான் கேக்கல." போர்வை லேசாக ஆடியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். "காலைல அந்த வட்டத்தப் பாக்காட்டி எனக்கும் வேல ஓடாது. அதான் கேக்கல. ரெண்டு பேரும் சேந்துதான் வச்சிருந்தோம். ஒரு வார்த்த கேட்டிருந்தேன்னா அன்னைக்கு வண்டில போனத் தொட்டிருக்க மாட்டாவ."

மணிகள் நகரும் சத்தம் நின்றுவிட்டது. ஹாஜரா பீவிக்கு எவ்வளவு விளங்கியதென்று தெரியவில்லை. கட்டிலில் அப்படியே இருந்தாள்.

இந்த இடத்தில் சொல்லும் வார்த்தைகள் அஃப்சலுக்குத் தெரியும். எல்லாரும் அவனிடம் வந்து சொன்னவை. அல்லாஹ்வின் நாட்டம். உங்க கையில் என்ன இருக்கு. நேரம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக நாக்குவரை வந்தன. ஒன்றையும் அவன் எடுக்கவில்லை. கடைசி விதியைச் சேமித்தான். கணினியை அணைத்து எழுப்பினான். செயலியைத் திறந்தான்.

பெட்டி வரவில்லை.

மூடித் திறந்தான். வரவில்லை. "ஆயிட்டு," என்றான்.

அவன் வாசல் பக்கம் வந்த பிறகு ஹஃப்சா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே முதல் அழைப்பு வந்துவிட்டது.

"வணக்கம், நான் ஹஃப்சா பேசுகிறேன். சொல்லுங்க மேடம்." இதுவரை பேசியவள் குரலே இல்லை. கம்பெனி சொல்லிக்கொடுத்த குரல். "புரியுது மேடம். படத்துல பச்சையா இருந்தது, வந்தது நீலமா இருக்கு. மன்னிக்கணும் மேடம். இப்பவே மாத்தி அனுப்பச் சொல்றேன்."

ஹாஜரா பீவி அவன் பின்னாலேயே நடைவரை வந்திருந்தாள். முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வாப்பா, நீ அங்கன இருந்தே இதுக்குள்ள வரலாம்னு சொன்னால்லா அவ?"

"ஆமா. அவங்க விட்டா வரலாம்."

"நாளைக்குக் காலைல ஒருக்க வாயேன். அவ வேல தொடங்குறதுக்கு முந்தி. ஒண்ணும் செய்யாண்டாம். அம்ப ஒரு சுத்து சுத்திட்டுப் போயிரு." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருன்னு கேக்கமாட்டேன். எனக்குத் தெரியும் அது நீதான்னு. பைத்தியம்னு நெனைக்காத. தெரிஞ்சேதான் கேக்கேன்."

அஃப்சல் வருகிறேன் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே கம்பெனிக் குரல் நின்றிருந்தது. நீலச் சேலைக்காரியோடு பேச்சு முடிந்துவிட்டது போல. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான்.

மறுநாள் காலை லாட்ஜில் மிச்ச வேலை இருந்தது. சனிக்கிழமை. கேரளத்துக் கார்கள் வரிசையாக நின்றன. எண்ணெய் தேய்ப்பவர்கள் ஈரத் துண்டோடு மரத்தடியில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தருவி மேலே மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. ஜெகதீஸ்வரன் கேமராவை மாட்டிவிட்டுக் கீழே வந்து பார்த்தபோது அஃப்சல் வரவேற்பு மேசையில் லேப்டாப்பை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தான்.

"டீ சொல்லட்டா மாப்ள?"

"சொல்லு."

ஹஃப்சாவின் கணினி எண் நேற்றிலிருந்து அந்தச் சாப்ட்வேரின் பட்டியலில் இருந்தது. அவளுக்கு வேலை தொடங்க இன்னும் கொஞ்சநேரம் இருந்தது. இந்நேரம் கட்டிலின் ஓரத்தில் ஹாஜரா பீவி உட்கார்ந்திருப்பாள். அஃப்சல் எண்ணை அமுக்கினான்.

அவனுக்குப் பரீதின் அதிகாரம் கிடையாது. அந்த வீட்டுத் திரையில் ஒரு பெட்டி எழும்பியிருக்கும். அஃப்சல் உள்ளே வரக் கேட்கிறான், விடவா என்று அது ஹஃப்சாவைக் கேட்கும். அவன் திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. காத்திருக்கவும் என்றது. காத்திருந்தான். ஒரு குடும்பம் சாவியை மேசைமேல் போட்டுவிட்டுப் போனது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. யாரோ அங்கே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

பிறகு சக்கரம் நின்றது. எதிர்ப்பக்கம் உங்களை மறுத்துவிட்டது என்று ஒரு வரி வந்தது.

நடையில் நின்று ஹாஜரா பீவி கேட்டதெல்லாம் உள்ளே கேட்டுத்தான் இருக்கிறது. அஃப்சல் இரண்டாவது முறை அமுக்கவில்லை. ஹஃப்சாவின் எண்ணின்மேல் அம்பை வைத்து அழி என்று கொடுத்தான். நிச்சயமாக அழிக்கவா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது.

ஆம் என்ற பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனான். அம்பு அதன்மேல் நிற்கவில்லை. இடதுபக்கம் போனது, வலதுபக்கம் போனது, தாண்டிப்போய்த் திரும்பி வந்தது. பெட்டி கேட்டுக்கொண்டு நின்றது.

ஜெகதீஸ்வரன் இரண்டு டம்ளரோடு வந்தான். ஒன்றை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். அப்புறம் கீழே பார்த்தான்.

"என்னலே, கை இந்த ஆட்டம் ஆடுது?"

அஃப்சல் கையை எடுக்கவில்லை. "குளிருது," என்றான்.

ஜெகதீஸ்வரன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முதுகில் போட்டான். பஜ்ஜிக்கடைக்குக் கிளம்பியவன், போகாமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.